சஞ்சியைக் கொற, மருமவனே!

மருமவனே, நேபாளத்துல முக்திநாத் கோயிலுக்குப் போறியாமே? நீ சொல்லல்லே. வடசேரில கம்பிளி விக்கப்பட்டவன் சொன்னான். இந்தச் சித்திரை வெயில்ல மூணு குரங்குக் குல்லாவும் நாலு கம்பிளியும் ஒருத்தன் பேரம் பேசாம வாங்கிட்டுப் போனானாம். பேரம் பேசாதவன்ணு கேட்டதுமே நம்ம குடும்பத்து ஆளு இல்லேண்ணுதான் நெனச்சேன். பொறவு மூக்கு எப்படி இருக்கும்ணு சொன்னான். வெளங்கிப் போச்சு.

பழைய காலமா இருந்தா மாமன் சொத்து மருமவனுக்காக்கும். கவிமணி மருமக்கள் வழி மான்மியம் எழுதி அந்த ஏற்பாட்டையே ஊரு சிரிக்க வச்சாரு. 1926-ல நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்து, மருமக்கவழிக்கு மங்களம் பாடியாச்சு. ஆனதினால எங்கிட்ட இருந்து ஒனக்குக் கிட்டப்பட்டது புத்திமதி ஒண்ணுதான். அதுக்குப் பத்திரச் செலவு இல்லே. இருந்து கேளு.

நேத்து ஒங்க வீட்டு நடையில நின்னு பாத்தேன். பெட்டி வாயைப் பொளந்துகிட்டு கெடக்கு. உள்ள என்ன? சம்பா அரிசி. இட்லிப்பொடி. நார்த்தங்கா ஊறுகாய். கருப்பட்டி, சுக்கு. முந்திரிக்கொத்து ஒரு டின்னு. ஏத்தங்கா சிப்ஸ் பத்துப் பாக்கெட்டு. கொப்பரை ஏழெட்டு மூடி. தேங்காயெண்ணெய் லிட்டர் குப்பி. அடியில துணியைச் சுத்தி என்னமோ ஒரு சாமானம். தொட்டுப் பாத்தா துருவலை! ஏம்டே, இமயமலை அடிவாரத்துல குத்தவச்சு அவியலுக்குத் தேங்கா திருவப் போறியாக்கும்? யாத்திரை போறியா, வாடகை வீடு மாறுகியா?

ஒங்கப்பன் சிவாலய ஓட்டம் ஓடினவனாக்கும். திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு கோயில். நூறு கிலோமீட்டருக்கு மேல உண்டு, காலுல செருப்பு கிடையாது. கையில ஒரு பனையோலை விசிறி, அதோட நுனியில முடிஞ்ச சின்னச் சஞ்சி, சஞ்சிக்குள்ள திருநீறும் சில்லறையும். வாயில கோவிந்தா கோபாலா. வழியில ஊர்க்காரன் ஊத்தின கஞ்சியும் பானகமும் குடிச்சான், ஓடினான், வந்து சேந்தான். அவன் பெத்த பிள்ளை துருவலையோட விமானம் ஏறப் போறான்.

போகவே வேண்டாம்ணு சொல்லல்லே. ஒண்ணு மட்டும் சொல்லுகேன். இமயமலை நம்ம ஜில்லாவுக்கு ஏற்கனவே ரெண்டு தவணையா வந்தாச்சு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போகும்போது ஒரு துண்டு தவறி விழுந்தது, அதாக்கும் மருந்துவாழ்மலை. திருவட்டாறு ஆதிகேசவன் 22 அடிக்கு நீட்டி நிமுந்து படுத்திருக்காரே, அந்த மேனி 16,008 சாளக்கிராமத்தைக் கடுசர்க்கரைக் கலவையில கூட்டிச் செஞ்சதுண்ணு சொல்லுவாவ. சாளக்கிராமத்துக்கு ஊரு எது? நீ போகப்பட்ட கண்டகி ஆறு. 2022 ஜூலையில 418 வருசத்துக்குப் பொறவு அங்க கும்பாபிஷேகம் நடந்துது. நானும் ஒன்னைக் கூப்பிட்டேன். பஸ்ஸுல கூட்டமா இருக்கும்ணு சொல்லிட்டு வீட்டுல டிவி பாத்தே. இப்பம் காளி கண்டகிக்குப் போயி அந்தக் கல்லைப் பாக்கப் போற. கொள்ளாம். பெருமாளுக்கும் ஒன்னை இவ்வளவு தூரம் ஓட வைக்கணும்ணு ஆசை இருக்கும்லா. நம்ம தெருவுல இருக்க திருவாழ்மார்பனும் 108 திவ்ய தேசத்துல ஒருத்தர், சாளக்கிராமத்து முக்திநாதரும் அந்த 108-ல ஒருத்தர். ஒருத்தருக்கு அரை ஃபர்லாங், மத்தவருக்கு நாடு தாண்டணும். தூரமா இருக்கப்பட்ட சாமிக்கு எப்பமும் மவுசு கூடுதல்தான்.

சரி, பெட்டிக்கு வா. கொப்பரையை முதல்ல எடுத்து வெளிய வை. விமானத்துல அதுக்கு எடமில்லே. நமக்கு அது தேங்கா, விமானக்காரனுக்கு அது தானே தீப்பிடிக்கப்பட்ட சாமானம். எண்ணெய் அடங்கின பண்டம், சூடு ஏறினா பத்திக்கிடும்ணு சட்டத்துல எழுதி வச்சிருக்கான். திருவனந்தபுரம் விமான நிலையத்துல நின்னு, "சார், நாங்க நாகர்கோயில்காரங்க, தேங்கா இல்லாம சாப்பாடு எறங்காது"ண்ணு சொன்னா அவனுக்கும் எறங்காதுதான், ஆனா விடமாட்டான். அவனுக்க கடமை அது.

எண்ணெய்க்கு வாறேன். 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காயெண்ணெய் உறைஞ்சிரும். நம்மூருல மார்கழி வெளுப்பாங்காலத்துல மட்டும் குப்பிக் கழுத்துல வெள்ளையா நிக்கும், பாத்திருக்கேல்லா? அங்க குப்பி முழுக்கக் கல்லு. ஒங்கம்மை காலம்பற குப்பியைத் தலைகீழாக் கவுத்து, கரண்டிக் காம்பை விட்டுக் குத்தி, பொறவு வெயிலுல வச்சு உருகட்டும்ணு பக்கத்துல காவல் இருந்தா பஸ்ஸு போயிரும். வாய் அகலமா இருக்க ஒரு சின்ன டப்பாவுல உள்ளங்கை அளவு எடுத்துக்கிடு, வெரலால நோண்டித் தேச்சுக்கிடலாம். அதுவும் கைப்பையில வைக்காதே. வெளிநாட்டு விமானத்துல கைப்பைக்குள்ள 100 மில்லிக்கு மேல உள்ள எந்தக் குப்பியையும் பிடுங்கிக்கிடுவான். போனுக்குக் கரண்டு ஏத்த ஒரு கட்டை வச்சிருக்கியே, பவர் பேங்கு, அது மட்டும் கைப்பையில தான் இருக்கணும். அதைப் பெட்டியில போட்டா பெட்டியை ஒடச்சுத் திறப்பான்.

அரிசி எதுக்குடே? "கூடவே நம்ம ஊரு சமையல்காரர், மூணு நேரமும் தென்னிந்தியச் சாப்பாடு"ண்ணு டூர்காரன் நோட்டீசுல சாமி படத்தை விடப் பெருசாப் போட்டிருக்கான்லா? அதைப் பாத்துதானே நீ துட்டு கட்டினே? ஆனா ஒண்ணு, மேல போனபொறவு சோறு வேகல்லேண்ணு அந்த மனுசன் கிட்ட மல்லுக்கு நிக்காதே. முக்திநாத் 3,700 மீட்டர் உயரம். அங்க தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்துக்கிட்டிருக்காது, 87, 88-லேயே கொதிச்சிரும். கொதிக்குண்ணு நீ நெனப்பே, அரிசி வேகாது. குக்கருல அடச்சு வச்சாத்தான் உண்டு. சம்பா அரிசியைக் குடுத்து வடிச்ச சோறு கேட்டா அவரு அடுத்த யாத்திரைக்கு வரமாட்டாரு. ரெண்டு நாளு நேபாளத்துக்காரங்க தால்பாத்தைச் சாப்பிடு. சோறு, பருப்பு, ஒரு கறி, ஊறுகா. நம்ம பாட்டி சமைச்ச சாப்பாடுதான், பேரு மட்டும் வேற. ஒன் பொஞ்சாதிக்குத் தெரியாம இட்லிப்பொடி கொஞ்சம் எடுத்துக்கிடு, அவ எடுத்து வச்சது பொறவு ஒனக்குக் கிட்டாது.

சிப்ஸ் பாக்கெட்டு விசயம் ரசமா இருக்கும். மிஷின் வச்சு ஒட்டின பாக்கெட்டுல ரெண்டு கொண்டு போ, திங்கதுக்கு இல்லே, படிக்கதுக்கு. மேல ஏற ஏற அது ஊதி ஊதித் தலையணையா நிக்கும். விரலு வச்சா உள்ள போகாது. ஏன்? உள்ள இருக்கது நாகர்கோயில்ல அடச்ச காத்து, வெளிய இருக்கதுல மூணுல ஒரு பங்கைக் காணல்லே. பாக்கெட்டுக்கு வெளிய இல்லாதது ஒனக்கும் இல்லேல்லா? அப்பம் மண்டையிடி வரும், ஓக்காளம் வரும், சோறு வேண்டாம்ணு வரும். ரெண்டு எட்டு வச்சா அஞ்சு மூச்சு வாங்கும். 2,500 மீட்டர் தாண்டினாலே வரலாம், பொக்ராவுல 800-ல தூங்கி எழுந்தவன் அன்னைக்கே 3,700-ல போயி நின்னா கேக்கவா வேணும்?

இதுக்கு ஒங்கம்மை கற்பூரம் எடுத்து முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா. மோந்தா மூச்சு வருமாம். மூக்கு தெறந்த மாதிரி குளுகுளுண்ணு இருக்கும், வாஸ்தவம்தான். காத்துல இல்லாத பிராணவாயு கற்பூரக் கட்டிக்குள்ள எங்க இருந்துடே வரும்? கற்பூரம் தீப்பிடிக்கப்பட்ட சாமானம், அதுவும் விமானத்துக்கு ஆகாது. போகதுக்கு முன்ன டாக்டரைப் பாரு. ஒங்கம்மைக்குப் பிரஷர் மாத்திரை இருக்கு, ஒனக்குச் சர்க்கரை இருக்கு. மலைக்குண்ணு அவரு ஒரு மாத்திரை எழுதித் தரலாம். அவரு எழுதினா சாப்பிடு, கூட வாறவன் குடுத்தாண்ணு சாப்பிடாதே. மேல போனா பைய நட. பேச்சைக் கொற, தண்ணியைக் கூட்டு. ராத்திரி தூக்க மாத்திரை வேண்டாம். மண்டையிடி கூடிட்டே போனா வைராக்கியம் பிடிக்காம கீழ எறங்கிரு, அதுக்கு அதுதான் மருந்து.

காலு பழகணும்லா? தெனமும் விடியக்காலத்துல மருந்துவாழ்மலை ஏறு. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை வரைக்காவது போ. நீ இப்பம் ஏறுகது நம்ம வீட்டு மாடி, அதுவும் கரண்டு போனா டேங்குல தண்ணி இருக்காண்ணு பாக்க. புதுசா வாங்கின ஷூஸை அந்த மலையிலயே போட்டுப் பழகு. காலு கடிக்க வேண்டியது இங்கயே கடிச்சு முடியட்டும். கோயிலுக்குள்ள செருப்பு கிடையாது. கல்லுத் தரை, பனி உருகின ஈரம். பழைய கம்பிளிக் காலுறை ஒரு ஜோடி தனியா வச்சுக்கிடு, கெட்டுப் போனா அங்கயே விட்டுட்டு வந்துரலாம்.

அந்தக் காலுறை வேண்டி வரப்பட்ட எடத்தைச் சொல்லுகேன். கோயிலுக்குப் பின்னால அரை வட்டமாச் சுவரு. அதுல 108 காளைத் தலை, ஒவ்வொண்ணுக்கும் வாயில இருந்து தண்ணி ஊத்தும். தலையைக் குனிஞ்சு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் ஓடணும். முதல் காளை தலையில விழும்போது "நாராயணா"ண்ணு கத்துவே. பத்தாவதுல சத்தம் வராது. பாதியில ஒனக்குப் பேரு மறந்திரும். முடிச்சு வெளிய வந்தா முன்னால ரெண்டு குளம், அதுலயும் முங்கணும். ஆசைக்கு 108-ம் ஓடலாம். ஆனா ஒங்கம்மைக்கு வேண்டாம்டே, கையை நீட்டி மூணு சொட்டு தலையில தெளிச்சா போரும். முங்கினவனுக்குத்தான் மோட்சம்ணா கண்டகியில கிடக்க மீனு பூரா வைகுண்டத்துலல்லா இருக்கணும்? பருத்தி வேட்டியோட ஓடாதே, நனைஞ்சா ஒட்டிக்கிட்டு நடக்க விடாது, பொறவு ரெண்டு நாளுக்குக் காயாது. சீக்கிரம் காயப்பட்ட கால்சட்டை போடு. நம்ம ஈரிழைத் துவர்த்து ரெண்டு எடுத்துக்கிடு. பெட்டியில நீ வைக்க மறந்தது அதுதான். அதுக்குப் பதிலா கட்டித் துண்டு எடுத்தேண்ணா, ஒரு தடவை நனைஞ்சா அதுவே ரெண்டு கிலோ. மாத்துத் துணியைப் பிளாஸ்டிக் கவருல கட்டி, ஒன் பொஞ்சாதி கையில குடுத்து நிக்க வை. அவ ஓடணும்ணா நீ பிடிச்சுக்கிட்டு நில்லு, என்ன இப்பம்?

தடிச்ச கம்பிளி நாலு எதுக்கு? ஒண்ணு மேல ஒண்ணா மெல்லிசா மூணு போடு. காலம்பற மூணும் வேணும், பத்து மணி வெயிலுக்கு ஒண்ணு போரும், சாயங்காலம் மறுபடியும் மூணு. காத்து புகாத மேல்சட்டை ஒண்ணு கண்டிப்பா வேணும். ஆரல்வாய்மொழிக் கணவாயில ஆனி ஆடிக் காத்து எப்படி? முப்பந்தல்ல அத்தனை காத்தாடியும் அதை நம்பித்தானே நிக்கு. அன்னபூர்ணாவும் தவளகிரியும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல ரெண்டு பக்கமும் நிக்கும். நடுவுல காளி கண்டகி. அந்த இடுக்குல உச்சிக்கு முன்னாலேயே காத்து பிடிச்சிரும். அதனாலதான் ஜோம்சோம் போகப்பட்ட சின்ன விமானம் காலம்பறயே போயிட்டு வந்துரும். பத்தொம்பது பேரு ஏறப்பட்ட வண்டி, சாமானம் பத்துப் பதினஞ்சு கிலோ தான் விடுவான். காத்தோ மேகமோ கண்டா அன்னைக்கு விமானமே கிடையாது. பஸ்ஸுல கூட்டிட்டுப் போனாலும் மலைப்பாதை நம்ம சொல்லு கேக்காது. அதனால ஊரு திரும்பப்பட்ட மறுநாள் பாலுகாச்சுக்கு வாறேன், கல்யாணத்துக்கு வாறேன்ணு ஆருக்கும் வாக்கு குடுக்காதே. ஒரு நாளை வெறுமனே விட்டு வை.

கடுதாசி விசயம் சுருக்கமாச் சொல்லுகேன். நேபாளத்துக்கு விசா வேண்டாம், ஆனா ஆதாரை நம்பிப் போகாதே. 15-ல இருந்து 65 வயசு வரைக்கும் பாஸ்போர்ட்டு, இல்லேண்ணா தேர்தல் கமிஷன் அடையாள அட்டை வேணும். ஒங்கம்மைக்கு 65 தாண்டினதினால ஆதார் போரும். வயசுக்கு அரசாங்கம் காட்டப்பட்ட மரியாதை அது ஒண்ணுதான், அனுபவிக்கட்டும். துட்டு நூறு நோட்டா மாத்திக்கிடு. 2016-ல நம்ம நோட்டைச் செல்லாதுண்ணு சொன்னப்பம் நேபாளத்துல மாட்டின 500, 1000 அங்கயே மாட்டிக்கிட்டு. அந்தச் சூடு கண்டவன் பெரிய நோட்டை நீட்டினா மொகத்தைத்தான் பாப்பான். அவனுக்க 160 நமக்கு 100. 1993-ல இருந்து அந்தக் கணக்கு மாறல்லே. கடைக்காரன் ரூவாண்ணு சொன்னா எந்த ரூவாண்ணு கேட்டுட்டு மூஞ்சியைச் சுளி. காத்மாண்டு போனதும் வாச்சுல கால் மணிக்கூறு கூட்டி வை. அவன் நம்மளை விடப் பதினஞ்சு நிமிசம் முந்திப் போறான். ஆறு மணிக்குப் பஸ்ஸுண்ணு கைடு சொன்னா அவன் ஆறு, நம்ம ஆறு இல்லே. நீ இங்கயே நாகர்கோயில் ஜங்ஷன்ல ரயிலு கிளம்பினபொறவு போயி நிக்கப்பட்டவன், ஒனக்கு இது முக்கியம்.

கைடு ஒருத்தன் கொடியைப் பிடிச்சுக்கிட்டு முன்னால போவான். அவன் சொல்லுகதைக் கேளு. முன் சீட்டுக்குச் சண்டை போடாதே, மலைப்பாதையில முன்னால இருந்து பள்ளத்தைப் பாக்கப்பட்டவன் தான் முதல்ல கண்ணை மூடுவான். கடைத்தெருவுல விட்டா ஒன் பொஞ்சாதி ருத்ராட்சக் கடைக்குள்ள போயிருவா. ஏகமுகம், ஏகமுகம்ணு ஒருத்தன் கூப்பிடுவான். எல்லாக் கடையிலயும் ஏகமுகம் தொங்கினா அதுக்குப் பேரு ஏகமா? சாளக்கிராமம் வாங்கணும்ணு ஒங்கம்மை சொன்னா, தெனமும் பூசை செய்ய ஆருண்ணு கேளு. ஒங்க வீட்டு வெளக்குக்குத் திரி போடுகதே வெள்ளிக்கிழமை தான். ஆதிகேசவன் மேனியில 16,008 இருக்குல்லா, அதைத் தள்ளி நின்னு கும்பிடு, பூசைக்கும் ஆளு இருக்கு. மார்ஃபாண்ணு ஒரு ஊரு வழியில வரும், ஆப்பிளுக்குப் பேரு போனது. ஒணங்கின ஆப்பிளு வாங்கிக்கிடு, எடை கிடையாது. அதே ஆப்பிளுல அங்கண வேற ஒண்ணும் வடிக்கானாம், மூட்டு வலிக்கு நல்லதுண்ணு கேள்வி. நான் ஒண்ணும் சொல்லல்லே. ஒனக்குத் தோணினா பாத்துக்கோ.

இனி உள்ளூரு விசயம். மூணு பேரும் போயாச்சுண்ணா வீடு பூட்டிக் கெடக்கும். பின்னால கெழக்கு மூலையில நிக்கே வருக்கைச் சக்கை, நேத்து தட்டிப் பாத்தேன். மூணெண்ணம் வெளஞ்சாச்சு, சத்தம் மாறியாச்சு. நீங்க பொக்ரா சேரும்போ பழுத்துரும். ஆளில்லாத வீட்டுல சக்கை பழுத்து விழுந்தா வெடிச்சு, ஈ அடைஞ்சு, தெருவே மணக்கும். நாளைக்கு அயலத்துக்காரன் ஒங்கம்மையைக் குத்தம் சொல்லப்பிடாதுல்லா. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கிடுகேன். கிணத்தடி மட்டிக் குலையையும் ஒரு கண்ணு வச்சுக்கிடுகேன். முந்திரிக்கொத்து டின்னை பெட்டியில திணிக்காதே, எடை கூடும், மலைக் குளிருக்கு இறுகிப் போவும், பல்லு போனா அங்க ஆருட்ட காட்டுவே? இங்க இருக்கட்டு. கொப்பரையும் துருவலையும் இருக்கட்டு.

பொறவு, சாவி குடுக்கும்போ நடைச் சாவியை மட்டும் தந்துட்டுப் போயிராதே. அடுக்களைச் சாவியும் வேணும். சக்கை வெட்டினா அரக்கு ஒட்டாம இருக்கதுக்கு கையில எண்ணெய் தேய்க்கணும், அந்த லிட்டர் குப்பியை நீ அங்கதானே வச்சுட்டுப் போவே?